ஐந்து மாடிக்கு மேல் வேண்டாம் என்று மனு எழுதுமுன்

கேள்வி: சென்னை கீழ்ப்பாக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் வசிக்கிறோம். 1986-இல் கட்டிய, பன்னிரண்டு வீடுகள் கொண்ட மூன்று மாடி அடுக்ககம். எங்கள் மதில் சுவரை ஒட்டி இருபது கிரவுண்டில் இருந்த பழைய பங்களா கைமாறிவிட்டது. இருபது மாடி வருகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. படுக்கையறை, சமையலறை ஜன்னல்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். 'ஐந்து மாடிக்கு மேல் அனுமதிக்கக் கூடாது' என்று குடியிருப்போர் சங்கத்தில் மனு தயாராகிறது. நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டப்படி இது நிற்குமா? பள்ளம் தோண்டினால் எங்கள் பழைய கட்டடம் தாங்குமா? இதற்கிடையில், 'உங்கள் இடத்தையும் கொடுங்களேன்' என்று பில்டர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து பேசிவிட்டும் போனார். என்ன செய்வது?

— ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், கீழ்ப்பாக்கம்

பதில்:

அம்மா, அந்த மனுவை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். 'ஐந்து மாடி போதும்' என்பது உங்கள் தெருவின் விருப்பம். விருப்பத்தை வைத்துத் திட்ட அனுமதியை மறுக்க சி.எம்.டி.ஏ.வுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அதிகாரம் கிடையாது. விதி மீறப்படுகிறது என்று காட்டினால்தான் கோப்பு நின்று திரும்பிப் பார்க்கும். எந்த விதி, எவ்வளவு மீறல் என்று சொல்ல உங்களுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு அளவு நாடா.

தெருவை அளந்து பாருங்கள். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர், அதாவது அறுபது அடி உயரம் வரை சாதாரணக் கட்டடம். ஸ்டில்ட்டும் (வண்டி நிறுத்தத் தூண்கள்மேல் திறந்து விட்ட தரைத்தளம்) அதன்மேல் ஐந்து மாடியும் அதற்குள் அடங்கும். அதைத் தாண்டினால் 'உயர்மாடிக் கட்டடம்' என்ற வேறு வகை, வேறு விதிகள். அந்த வகைக்குக் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். முழுத் தளப் பரப்புக் குறியீடும் (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) கிடைக்க 18 மீட்டர் வேண்டும்.

உங்கள் பகுதியின் உள்தெருக்கள் பலவற்றைப் பத்திரத்தில் 'நாற்பதடி ரோடு' என்றுதான் எழுதியிருப்பார்கள். நாற்பதடி என்பது 12.2 மீட்டர். கோட்டின்மேல் நிற்கிற அளவு. ஒரு பக்கத்தில் யாரோ ஒருவர் மதிலை மூன்றடி முன்னால் தள்ளிக் கட்டியிருந்தால் அது 11.3 மீட்டர் ஆகிவிடும். அங்கே உயர்மாடிக் கட்டடத்துக்கு இடமில்லை. அளக்கும்போது தார் போட்ட பகுதியை மட்டும் அளக்காதீர்கள். நடைபாதை, மழைநீர் வடிகால் எல்லாம் சேர்த்து, மதிலிலிருந்து எதிர் மதில் வரை அளக்க வேண்டும். அந்த மனைக்கு முன்னால் மட்டும் அளந்து திருப்திப்படவும் வேண்டாம். பெரிய சாலையில் போய்ச் சேரும் வரை பத்து இடங்களில் அளந்து, ஒவ்வோர் இடத்துக்கும் கதவு எண் குறித்து, நாடா தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். தாலுகா அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் புல வரைபடமும் வாங்கி, தெருவின் பதிவான அகலத்தையும் ஒப்பிடுங்கள். ஆக்கிரமிப்பால் குறுகிய தெருவா, பிறந்ததிலிருந்தே குறுகிய தெருவா என்பது வாதத்தில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். (ஆக்கிரமித்தவர் உங்கள் சங்கத்தின் தலைவராகவே இருக்கவும் கூடும். அதற்கும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.)

இன்னொன்றையும் பாருங்கள். பில்டர் பங்களாவை மட்டுமா வாங்கினார்? நெடுஞ்சாலையை ஒட்டிய மனை ஒன்றையும் சேர்த்து வாங்கி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், உங்கள் தெருவின் அகலம் கணக்கிலிருந்தே நழுவிவிடலாம். பதிவுத் துறை இணையதளத்தில் சுற்றுப்புற சர்வே எண்களுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இருபது மாடி என்ற பேச்சு உண்மையென்றால், எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். நாற்பதடித் தெருவை மட்டும் நம்பி யாரும் அவ்வளவு பெரிய கனவு காண மாட்டார்கள்.

அடுத்து, உங்கள் மனுவின் மையமான 'ஐந்து மாடி'. இதில் சங்கத்தோடு நான் முழுமையாக உடன்படவில்லை.

ஒரு மனையில் எத்தனை பேர் வந்து குடியேறுவார்கள் என்பதை முடிவு செய்வது தளப் பரப்புக் குறியீடு. வழக்கில் எஃப்.எஸ்.ஐ. என்கிறோம். இருபது கிரவுண்டு என்றால் 48,000 சதுர அடி. குறியீடு 3.25 என்றால் 1,56,000 சதுர அடி கட்டலாம். அதை மாடிக்கு 12,000 சதுர அடியாகப் பரப்பினால் பதின்மூன்று மாடி. 7,800 சதுர அடியாகச் சுருக்கினால் இருபது மாடி. இரண்டிலும் வீடுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். கார்களும் கழிவுநீரும் அதே அளவுதான். பதின்மூன்று மாடிக்காரர் தரையை அதிகமாக அடைத்துக்கொள்வார், இருபது மாடிக்காரர் குறைவாக அடைத்துக்கொள்வார், அவ்வளவே.

உங்கள் சங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் மாநில விதி உயரத்தையும் குறியீட்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறது. சாதாரணக் கட்டடத்துக்குக் குறியீடு 2, உயர்மாடிக்கு 3.25 வரை. அரசுக்குக் கட்டணம் செலுத்தி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. இதற்கு மேல்: 12 முதல் 18 மீட்டர் வரையிலான சாலையில் 40 விழுக்காடு, 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50 விழுக்காடு. ஆக அதே இருபது கிரவுண்டில் ஐந்து மாடிக்காரர் பிரீமியமும் வாங்கினால் 1,34,400 சதுர அடி. அகலச் சாலையில் உயர்மாடிக்காரர் உச்சம் வரை போனால் சுமார் 2,34,000 சதுர அடி. வீடு ஒன்றுக்குப் பொது இடம் சேர்த்து 1,500 சதுர அடி என்று வைத்தால், ஏறத்தாழ 90 வீடுகளுக்கும் 156 வீடுகளுக்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் பேச வேண்டியது இந்தக் கணக்கை. மாடி எண்ணிக்கை அதன் நிழல்தான்.

ஜன்னலைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே உங்கள் மனு உங்களுக்கே எதிராகத் திரும்பும். உயர்மாடிக் கட்டடம் 30 மீட்டர் உயரம் வரை நான்கு பக்கமும் 7 மீட்டர் காலியிடம் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வோர் 6 மீட்டருக்கும் 1 மீட்டர் கூடுதல். அறுபது மீட்டர் கோபுரம் என்றால் உங்கள் மதிலிலிருந்து 12 மீட்டர், கிட்டத்தட்ட நாற்பதடி தள்ளி நிற்கும். ஐந்து மாடிக் கட்டடத்துக்கு இவ்வளவு இடைவெளி தேவையில்லை. நீங்கள் கேட்டபடியே ஐந்து மாடி கிடைத்தால், சுவர் நெருங்கி வந்து நிற்கும்; மூன்றாம் மாடியில் இருப்பவருக்கும் எதிரே சுவர்தான் தெரியும். வெளிச்சத்துக்கு எது நல்லது என்று வீட்டுக்கு வீடு கேட்டுப் பாருங்கள், சங்கத்தில் கருத்து மாறக்கூடும்.

வெளிச்சத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு, ஓரளவுக்கு. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, இருபது ஆண்டுகள் இடையூறின்றி ஒரு ஜன்னல் வழியாக வெளிச்சமும் காற்றும் அனுபவித்திருந்தால் அது உரிமையாகிறது. உங்கள் கட்டடத்துக்கு அந்த வயது எப்போதோ ஆகிவிட்டது. ஆனால் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது என்று போய் நின்றால் நீதிமன்றம் ஏற்காது. கணிசமான பாதிப்பைக் காட்ட வேண்டும். திறந்த வெளிக்கு வரும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அந்த உரிமை வராது. அப்பளம் காயப்போடும் மொட்டை மாடியில் நிழல் விழுகிறது என்று வழக்குப் போட்டால் வக்கீல் கட்டணம்தான் மிஞ்சும்.

உயரத்துக்கு வரம்பு வைப்பதே தவறு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997 முதல் அரசாணை இருக்கிறது. காரணம் எல்லோருக்கும் புரிகிற ஒன்று: கோபுரத்தை மறைக்கக் கூடாது. (மீறிக் கட்டியவர்களைப் பற்றிய வழக்குகள் இன்னொரு பெருங்கதை.) விமானப் பாதைக்குக் கீழே விமான நிலைய ஆணையம் வைக்கும் வரம்பும் அப்படித்தான். கேள்வி கேட்காமல் ஏற்கிறோம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1910-ஆம் ஆண்டுச் சட்டம் சாலையின் அகலத்தோடு இருபதடி சேர்த்து அதுவே உயரம் என்றது. தெருவின் அகலம் தெருவோரக் கட்டடத்தை ஆள வேண்டும் என்ற அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. அந்த ஊரில் உயர வரம்பு கிளம்பியதற்கு, 1894-இல் எழும்பிய 164 அடி உயரக் குடியிருப்பு ஒன்றைப் பார்த்துத் தீயணைப்பு ஏணி எட்டுமா என்று மக்கள் கவலைப்பட்டதும் ஒரு காரணம்.

கீழ்ப்பாக்கத்தில் மறைக்கக் கூடாத கோபுரம் எதுவும் இல்லை. அதோடு உங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் மெட்ரோ ஓடுகிறது. இவ்வளவு செலவு செய்து பூமிக்கடியில் ரயில் விட்டுவிட்டு, நிலையத்தைச் சுற்றி ஐந்து மாடிதான் இருக்க வேண்டும் என்றால், புதிதாக வருகிறவர்கள் படப்பைக்கும் திருமழிசைக்கும் போய் அங்கிருந்து பைக்கில் இங்கேயே வேலைக்கு வருவார்கள். நகரின் நடுவில் அடர்த்தி கூடுவதை நான் ஆதரிப்பவன். 1959-இல் அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி எழும்பி நாட்டிலேயே உயரமானதாக நின்றது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நகரம் இருபது மாடியைக் கண்டு மிரள வேண்டியதில்லை. மிரள வேண்டியது தரைக்குக் கீழே நடப்பதைப் பார்த்து.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது கட்டட நெறிமுறையின் கணக்கு. பிரீமியம் வாங்காமல் 1,56,000 சதுர அடி கட்டினால் 104 வீடுகள்; வீட்டுக்கு நான்கு பேர் என்றால் தினமும் 56,000 லிட்டர். குழாயில் வரும் தண்ணீர் போதாத கோடையில், 12,000 லிட்டர் லாரி தினமும் ஐந்து முறை உங்கள் தெருவுக்குள் நுழைந்து திரும்ப வேண்டும். உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பகுதி கழிவுநீராக வெளியே வரும். உங்கள் தெருவின் பாதாளச் சாக்கடைக் குழாய் பங்களாக்கள் இருந்த காலத்தில் புதைத்ததா, பிறகு மாற்றியதா? மழைக்கு மேன்ஹோல் மூடி மேலெழும்புகிறதா? இதைச் சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். 'மாடி வேண்டாம்' என்ற மனுவைவிட, 'இந்தக் குழாயின் கொள்ளளவு என்ன, புதிய இணைப்பால் எவ்வளவு கூடும்' என்ற கேள்வி அதிகாரியைப் பதில் எழுத வைக்கும்.

தீயணைப்பும் அப்படியே. உயர்மாடிக் கட்டடத்தைச் சுற்றிக் குறைந்தது 6 மீட்டருக்கு, 45 டன் எடையுள்ள வண்டியைத் தாங்கும் தரை இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட நெறித்தொகுப்பு. மிக உயரமான கட்டடத்தில், தீப்பிடித்தால் தஞ்சமடையும் இடமும் வேண்டும். இவை மனைக்குள். மனைக்கு வெளியே, உங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருந்தால் வண்டி வாசல் வரைக்கே வராது. அந்தக் கார்களில் பாதி மாடியை எதிர்ப்பவர்களுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி உங்கள் கட்டடம் தாங்குமா என்ற கேள்வி. எனக்கு இதுதான் உண்மையான அவசரமாகப் படுகிறது, அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

பக்கத்து மனையில் இரண்டு நிலவறை தோண்டினால் பள்ளம் இருபத்தைந்து அடி ஆழத்தை எட்டலாம். நிலத்தடி நீர் அதற்கு மேலேயே இருந்தால், மோட்டார் போட்டு இரவு பகலாக இறைப்பார்கள். நீர் இறங்கும்போது களிமண் சுருங்கும். மண் சுருங்கினால் அதன்மேல் நிற்கும் பழைய அடித்தளம் இறங்கும். 1986-இல் கட்டிய மூன்று மாடிக்குப் பெரும்பாலும் ஆழம் குறைந்த அடித்தளமே இருக்கும். சுவரில் மூலைவிட்டமாக விரிசல் ஓடும்போதுதான் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். அப்போது பில்டர் கேட்கும் முதல் கேள்வி: 'இந்த விரிசல் முன்பே இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?'

அந்த அத்தாட்சியை இப்போதே உண்டாக்குங்கள். தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அமர்த்தி, பன்னிரண்டு வீடுகளையும் அறை அறையாகப் பார்த்து, தேதியிட்ட படங்களுடன் நிலை அறிக்கை தயாரிக்கச் சொல்லுங்கள். இருக்கிற விரிசல் ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். முக்கியமான விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைப் பசைபோட்டு ஒட்டி வைப்பார்கள். சுவர் சற்றே நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். தூண்கள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று அளந்து எழுத வேண்டும். கிணறு இருந்தால் நீர்மட்டத்தையும் வாரம் ஒருமுறை குறியுங்கள். அறிக்கையின் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் பில்டருக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் அனுப்பிவிடுங்கள். பன்னிரண்டு பேர் பகிர்ந்தால் செலவு பெரிதாகத் தெரியாது.

பில்டரிடம் கேட்க வேண்டியவை மூன்று. பள்ளத்தைச் சுற்றி மண்ணைத் தாங்க எந்த முறை, டயாஃப்ரம் சுவரா (தோண்டுமுன் மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் சுவர்), நெருக்கமாக இறக்கும் பைலா (நிலத்துக்குள் இறக்கும் தூண்கள்)? இறைக்கும் நீரை எங்கே விடுவீர்கள்? பக்கத்துக் கட்டடங்களுக்குச் சேதம் வந்தால் ஈடு கட்டக் காப்பீடு இருக்கிறதா? நல்ல நிறுவனம் இவற்றுக்கு எழுத்தில் பதில் தரும். 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது மேடம்' என்று வாய்மொழியாகச் சொல்கிறவரிடம்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து 61 உயிர்களைக் கொண்டுபோன கட்டடம் பதினோரு மாடிதான். உலகக் கணக்கில் அது உயரமே இல்லை. விசாரணையில் கட்டமைப்பு வடிவமைப்பின் குறைகள்தான் வெளியே வந்தன.

காகிதங்களை எங்கே தேடுவது? தனி ஒரு கட்டடத்தின் திட்ட அனுமதிக்காக அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. காத்திருந்தால் அழைப்பு வராது. தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, அந்த சர்வே எண்ணுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா, எந்தச் சாலை அகலத்தின் அடிப்படையில், தீயணைப்பு, போக்குவரத்துக் காவல், விமான நிலைய ஆணையம் ஆகியோரின் தடையின்மைச் சான்றுகள் உள்ளனவா என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வீடுகளை விற்பனைக்கு அறிவித்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும்; அனுமதி பெற்ற வரைபடத்தை அந்த இணையதளத்திலேயே பார்க்கலாம்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். இதில் நிலவறையும் வாகன நிறுத்தமும் சேரும். அதனால் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் 14,500 சதுர மீட்டராகத் தெரியும் திட்டம்கூட இந்த வரம்பைத் தாண்டக்கூடும். இந்த வகைக் கட்டடங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து, சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய மத்திய அரசின் 2006 அறிவிக்கை விலக்கு தந்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் விண்ணப்பமும் அறிக்கையும், சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். அனுமதி வழங்கப்பட்டால் முப்பது நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள் வரை ஏற்பார்கள். நீங்கள் மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிட்டால் இந்தக் கெடு போய்விடும்.

'எங்கள் பகுதியில் இவ்வளவு உயரம் வேண்டாம்' என்று கொள்கையாகவே கேட்க விரும்பினால் அதற்கும் இடம் உண்டு. சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஓடு முடிகிறது. 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் திட்டத்தில், எந்தச் சாலையில் எவ்வளவு அடர்த்தி, அதற்கு முன் எந்தக் குழாயை மாற்ற வேண்டும் என்று உங்கள் சங்கம் வார்டு வரைபடத்தோடு எழுதிக் கொடுக்கட்டும். அந்த மனுவை நீங்களே எழுதுங்கள். வங்கியில் கணக்குப் பார்த்த கை அதற்குச் சரியாகப் பொருந்தும்.

கடைசியாக, உங்கள் இடத்தைக் கேட்டு வந்தவர். அவர் வருகையால் உங்கள் சங்கத்தில் ஏற்கெனவே இரண்டு கட்சி உண்டாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் மனுவில் கையெழுத்திடுகிறவர்களில் யாருக்கெல்லாம் விற்கும் எண்ணம் இருக்கிறது என்று முதலிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். எதிர்ப்பதாகச் சொல்லி விலையை ஏற்றுகிற சங்கம் என்று பெயர் வந்துவிட்டால், பிறகு நீங்கள் நாடா பிடித்து அளந்த கணக்கையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மறுகட்டுமானத்துக்கு 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். பன்னிரண்டில் எட்டுப் பேர். அதனால் 'நான் ஒருத்தி மாட்டேன் என்றால் நடக்காது' என்ற பழைய நம்பிக்கையில் இருக்காதீர்கள். பேச்சு வார்த்தை தொடங்குவதாக இருந்தால் பன்னிரண்டு பேரும் ஒரே வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். மனையில் ஒவ்வொருவரின் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்திலிருந்து எடுத்து ஒரே தாளில் எழுதுங்கள். நாற்பதாண்டு அடுக்ககங்களில் அந்தக் கூட்டுத்தொகை மனையின் மொத்தப் பரப்போடு ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம். உங்கள் மனையும் சேர்ந்தால் அவருக்குச் சாலையின் கணக்கிலோ காலியிடக் கணக்கிலோ என்ன ஆதாயம் என்பதை நாடாவால் அளந்த அகலமே சொல்லிவிடும்; விலை பேசுமுன் அது தெரிந்திருக்க வேண்டும். அதுவரை பொது அதிகாரப் பத்திரம் எதிலும், முன்பணம் எவ்வளவு காட்டினாலும், யாரும் கையெழுத்திட வேண்டாம்.